எடை குறைந்த பந்தயக் காரில் சிறு ட்ரெய்லர் கட்டி மலைப்பாதையில் ஓட்டுவது: முழுமையான வழிகாட்டி

தலவாக்கலையில் என் கராஜுக்கு ஆலோசனை கேட்டு வரும் தம்பிமார் பலர் கையில் ஒரு டோ பாருடன், அதாவது ட்ரெய்லரைப் பூட்டக் காரின் பின்னால் பொருத்தும் இரும்புச் சட்டத்துடன், வருகிறார்கள். யாரோ விற்றார்கள், மலிவாகக் கிடைத்தது, வாங்கிவிட்டேன், இனி என்ன செய்வது என்று கேட்கிறார்கள். நான்காவதாக வாங்க வேண்டியதை முதலில் வாங்கினால் மற்ற எல்லாவற்றையும் அதற்கேற்ப வளைக்க வேண்டியிருக்கும். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

இது யாருக்கு என்றால், தியத்தலாவையிலோ நுவரெலியாவிலோ ஓடுவதற்காக ஒரு பழைய சிறிய காரின் உள்ளே இருந்ததையெல்லாம் கழற்றிவிட்டு, பந்தய டயர் நான்கையும் காரைத் தூக்கும் ஜக்கையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கு. லொறி பிடித்துக் காரையே ஏற்றிச் செல்ல வசதி இருந்தால் அதைச் செய்யுங்கள். இல்லாதவர்கள் தொடர்ந்து படிக்கலாம்.

1. முதலில் தராசு

காரை லொறி எடை போடும் மேடைக்குக் கொண்டுபோங்கள். புத்தகத்தில் உள்ள எடை உங்கள் காரின் எடை அல்ல. இருக்கைகள் போயிருக்கும், கார் உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புக் கூண்டு வந்திருக்கும். என்னுடையது 1300 சிசி, முன்சக்கர இழுவை. இன்றைய எடை 820 கிலோ. என்னையும் சேர்த்தால் 900.

அடுத்து, கொண்டுபோகும் ஒவ்வொரு பொருளையும் நிறுத்து எழுதுங்கள். என் பட்டியல் இப்படி: ரிம்முடன் நான்கு டயர் 56, ஜக்கும் தாங்கிகளும் 15, கருவிப்பெட்டி 25, இரண்டு கேன்களில் 40 லீற்றர் பெற்றோல் கேன்களோடு 34, கூடாரம் 15, தண்ணீர் 10. ட்ரெய்லர் வெறுமையாக 95. மொத்தம் 250 கிலோ.

900 கிலோவை நிறுத்திவந்த பிரேக் இப்போது 1150 கிலோவை நிறுத்த வேண்டும். ஏறத்தாழ 28 வீதம் கூடுதல். எல்லோரும் "இழுக்குமா?" என்றுதான் கேட்கிறார்கள். இழுக்கும். நிற்குமா என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

பிரேக் இல்லாத ட்ரெய்லர் காரின் எடையில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது பல நாடுகளில் உள்ள பொது விதி. அது சமவெளிக்கு. நம் வீதிகளில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட நான் விடமாட்டேன். பட்டியல் அதைத் தாண்டினால் பொருளைக் குறையுங்கள். பெரிய ட்ரெய்லர் தேடாதீர்கள்.

2. காகித வேலை

சலிப்பான பகுதி, ஆனால் வெல்டிங்குக்கு முன்னால் முடிக்க வேண்டியது. காரின் கையேட்டில் இழுவை எடை என்று ஓர் எண் இருக்கிறதா பாருங்கள். சிறிய கார்கள் பலவற்றில் "இழுக்கக்கூடாது" என்றே இருக்கும். அப்படியிருந்தால் அதோடு விட்டுவிடுவதுதான் முறை.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் ட்ரெய்லரின் பதிவு, இலக்கத் தகடு பற்றியும், காப்புறுதிக்காரரிடம் இழுக்கும்போது ஏற்படும் சேதம் பற்றியும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். பெட்டியைச் செய்துவிட்டுப் போய்க் கேட்ட ஒருவருடைய ட்ரெய்லர் இன்று கோழிக்கூடாக இருக்கிறது.

3. ட்ரெய்லரைத் தேர்ந்தெடுத்தல்

நான்கடிக்கு மூன்றடிப் பெட்டி போதும். இடம் மிஞ்சினால் அதை நிரப்பாமல் மனம் ஆறாது.

சக்கரம்: நம் பக்கத்து வெல்டிங் பாஸ்மார் பெரும்பாலும் முச்சக்கரவண்டியின் எட்டு அங்குலச் சக்கரத்தைப் பூட்டித் தருவார்கள். மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் சிறிய சக்கரம் அதே வேகத்துக்கு அதிக சுற்றுச் சுற்றுகிறது, பேரிங் சூடாகிறது, பெரிய குழியில் முழுதாக இறங்கிவிடுகிறது. பன்னிரண்டு அங்குலமாவது இருக்கட்டும். காரின் சக்கரமே ட்ரெய்லருக்கும் பொருந்தும்படி ஹப் அமைத்துக்கொண்டால் ஒரே மாற்றுச் சக்கரம் இரண்டுக்கும் உதவும்.

வில்: தடித்த வில் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். 250 கிலோவுக்கு ஒரு தொன் தாங்கும் வில்லைப் போட்டால் அது வளையவே வளையாது. ஒவ்வொரு குழியிலும் பெட்டி துள்ளும், துள்ளும்போது டோ பாரில் ட்ரெய்லர் பூட்டப்படும் இரும்புப் பந்தை மேலே இழுக்கும்.

ஏர்க்கால்: மாட்டு வண்டிக்கு இருப்பதைப்போல் பெட்டியிலிருந்து முன்னால் நீளும் இரும்பை நான் ஏர்க்கால் என்றே சொல்கிறேன். பந்திலிருந்து அச்சுவரை இரண்டு மீற்றராவது இருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் ஓடும்போது வாலாட்டும்; பின்னுக்கு எடுக்கும்போது கண் இமைப்பதற்குள் மடங்கிக்கொள்ளும். அதிகம் நீண்டாலோ கொண்டை ஊசி வளைவில் உள்பக்கமாக வெட்டும். அதைப் பற்றிப் பிறகு.

4. டோ பார், பந்து, சங்கிலி

இப்போது வாங்கலாம்.

பந்தயக் காரின் முன்னும் பின்னும் இருக்கும் இழுவை வளையத்தில் ட்ரெய்லரைக் கட்டலாமா என்று கேட்கிறார்கள். கட்டக்கூடாது. சேற்றில் சிக்கிய காரை ஒருமுறை நேராக இழுத்தெடுக்கத்தான் அந்த வளையம். ட்ரெய்லர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் நாள் முழுவதும் ஆட்டிக்கொண்டே இருக்கும்.

டோ பார் காரின் அடிச்சட்டத்தின் இரண்டு நீளக் கால்களிலும் பிடிக்க வேண்டும். பம்பர் தகட்டிலோ டிக்கித் தரையிலோ பிடித்தால் தகடு கிழியும். எடை குறைப்பதற்காகப் பின்பம்பரின் உள்ளிரும்பை வெட்டி எறிந்தவர்கள் அந்த இடத்தை முதலில் பலப்படுத்த வேண்டும். போல்ட் துளையில் உள்ளே குழாய் வைத்துப் பற்றவைத்தால் இறுக்கும்போது சட்டம் நசுங்காது.

பந்தின் அளவை வெர்னியரால் அளந்து பாருங்கள். இங்கே புழக்கத்தில் மூன்று அளவுகள் கலந்து கிடக்கின்றன: 50 மில்லிமீற்றர், இரண்டு அங்குலம், ஒன்றே முக்கால் அரைக்கால் அங்குலம். கடைசி அளவு 47.6 மில்லிமீற்றர். 50க்கான கப்ளர் (ஏர்க்கால் நுனியில் பந்தைக் கவ்வும் பூட்டு) அதன்மேல் அழகாக உட்காரும், பூட்டும் விழும், கையால் ஆட்டினால் சந்தேகமே வராது. நானுஓயாவுக்கு அருகே ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது அப்படிப்பட்ட ஒன்று கழன்றதை நான் பின்னாலிருந்தே பார்த்தேன். சங்கிலி இருந்ததால் அந்த ஆள் தப்பினார்.

ஆகவே சங்கிலி இரண்டு வேண்டும். ஏர்க்காலுக்கு அடியில் குறுக்காக, பெருக்கல் குறிபோல் போடுங்கள். கழன்றால் ஏர்க்கால் தொட்டிலில் விழுவதுபோல் அதில் விழும், வீதியில் குத்தாது. வளைவில் இழுபடாத நீளம், தரையில் உரசாத நீளம்.

உயரம்: தாழ்த்திய காரில் பந்தும் தாழ்ந்திருக்கும். ட்ரெய்லர் சமமாக, அல்லது முன்பக்கம் ஒரு விரல் தாழ்ந்து நிற்க வேண்டும். பாரம் ஏற்றிய பிறகு மட்டக்குழாய் வைத்துப் பாருங்கள். மூக்கைத் தூக்கி நிற்கும் ட்ரெய்லர் வாலாட்டாமல் ஓடாது.

5. விளக்கு

மாலை மூன்று மணிக்கே பனி இறங்கிவிடும் ஊரில் இது அலங்காரம் இல்லை. மங்கல் விளக்கு, பிரேக், இரு பக்கச் சமிக்ஞை, இலக்கத் தகட்டு விளக்கு எல்லாம் எரிய வேண்டும்.

புதியவர்கள் செய்யும் தவறு ஒன்றேதான்: எர்த் கம்பி இழுக்காமல் பந்தும் கப்ளரும் தொடும் இடத்தை நம்புவது. அங்கே கிறீஸ் இருக்கும், துரு இருக்கும். பிரேக்கை மிதித்தால் சமிக்ஞை விளக்கு மங்கலாக எரியும், சமிக்ஞை போட்டால் பிரேக் விளக்கு துடிக்கும். தனி எர்த் கம்பி ஒன்று, பிளக் வழியாக. கூடுதல் பல்புகளால் சமிக்ஞையின் துடிப்பு மாறினால் பிளாஷரையும் மாற்ற வேண்டும்.

6. பாரம் ஏற்றும் வரிசை

வழியில் நடக்கும் சங்கடங்களில் பெரும்பகுதி இங்கேதான் விதைக்கப்படுகிறது.

வண்டிக்காரர்கள் முன்பாரம், பின்பாரம் என்று சொல்வார்களே, அதேதான். ஏர்க்கால் பந்தின்மேல் அழுத்தும் எடை மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் கிட்ட இருக்க வேண்டும். 250 கிலோவுக்கு 20 முதல் 25 கிலோ. அதற்குக் குறைந்து பின்பாரமானால் ட்ரெய்லர் காரின் வாலைத் தூக்கும், வேகம் கூடியதும் பக்கத்துக்குப் பக்கம் ஆடத் தொடங்கும்.

முன்பாரம் கூடினாலும் சிக்கல் உண்டு. பந்து பின் அச்சுக்கு 70 சென்ரிமீற்றர் பின்னால் இருக்கிறது, இரு அச்சுக்கும் இடையே 2.3 மீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்தில் 20 கிலோ வைத்தால் பின் அச்சில் 26 கிலோ ஏறும். முன் அச்சிலிருந்து 6 கிலோ தூக்கப்படும். முன்சக்கரத்தால் ஏறும் இலகு காருக்கு, ஈரமான ஏற்றத்தில், அந்த 6 கிலோ தெரியும். 60 கிலோ வைத்தால் 18 போய்விடும். சக்கரம் சுழலும், கார் நகராது.

அளப்பதற்கு நான் பயன்படுத்துவது தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தொங்குமே, அந்தத் தராசுதான். பழையது ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். ட்ரெய்லரைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்து, கப்ளரை அதில் தொங்கவிட்டு, பந்தின் உயரத்தில் முள்ளைப் படியுங்கள். குளியலறைத் தராசின்மேல் ஒரு கட்டையை நிறுத்தியும் அளக்கலாம்.

ஏற்றும் வரிசை: டயர்கள் படுக்கையாக, அச்சுக்கு நேர் மேலே. கருவிப்பெட்டி அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு. பெற்றோல் கேன்கள் நிமிர்ந்தபடி முன்மூலையில். கூடாரம் மேலே. ஜக் மட்டும் கடைசியில் எளிதாக எடுக்கலாம் என்று பின்கதவோரம் போடப்படும். அப்படிச் செய்தவர் ஒருவர் கிரகரி வாவி ஓரத்து நேர்ப்பாதையிலேயே வாலாட்டத்தைக் கண்டார். ஜக்கையும் நடுவில் வையுங்கள், இறக்கும்போது கொஞ்சம் குனியலாம்.

கேன்களைத் தரையில் வைத்துத்தான் நிரப்ப வேண்டும். ட்ரெய்லரில் வைத்தபடி நிரப்பினால் நிலைமின்பொறி ஆபத்து. கழுத்துவரை நிரப்பாதீர்கள், மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறைந்து உள்ளே ஆவி விரியும்.

எல்லாவற்றையும் ராட்செட் பட்டியால் கட்டிய பிறகே படங்கு போடுங்கள். படங்கு மழைக்கு, பாரத்தைப் பிடிக்கும் வேலை அதனுடையது இல்லை.

7. காரை வீதிக்கு மாற்றுதல்

பந்தயப் பிரேக் பேட் சூடானால்தான் பிடிக்கும். அதிகாலை நுவரெலியாக் குளிரில், மழையில், முதல் வளைவில் மிதித்தால் மரக்கட்டையை மிதித்ததுபோல் இருக்கும். வீதிப் பேட் போட்டு ஓட்டிச் சென்று, போட்டி நடக்கும் இடத்தில் மாற்றுங்கள். அரை மணி நேர வேலை. டயரும் அப்படியே: தவாளிப்புக் குறைந்த பந்தய டயர் ட்ரெய்லரில் போகட்டும், மழை டயர் காரில் இருக்கட்டும். இவ்வளவு பாடும் அதற்காகத்தானே.

பிரேக் எண்ணெய் புதிதாக இருக்க வேண்டும். டாட் 4 எண்ணெய் புதிதாய் இருக்கையில் குறைந்தது 230 பாகையில் கொதிக்கும். ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 155 பாகைவரை இறங்கலாம். மலைநாட்டு ஈரக்காற்றில் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பின்டயரில் காற்றை இரண்டு மூன்று புள்ளி (psi) கூட்டுங்கள். கைப்பிரேக் கம்பியை இறுக்குங்கள். ஏற்றத்தில் நின்று புறப்பட அதுதான் துணை.

8. வெறும் ட்ரெய்லருடன் ஒரு நாள்

மைதானம் ஒன்றைத் தேடுங்கள். பூட்டியதும் ஏர்க்காலைக் கையால் மேலே தூக்குங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழும்ப வேண்டும். எழும்பாமல் கப்ளர் மட்டும் வந்தால் பூட்டு விழவில்லை. ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள், தேநீர் குடிக்க நிறுத்திய பிறகும்.

பின்னுக்கு எடுக்கும்போது ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடியுங்கள். கை போகும் பக்கம் ட்ரெய்லர் போகும். சிறிய ட்ரெய்லர் பெரியதைவிட வேகமாக மடங்கும். காருக்குப் பின்னால் அது தெரியவும் தெரியாது. இரண்டு பக்கமும் மெல்லிய கம்பி நட்டு நுனியில் சிவப்புத் துணி கட்டினால் கண்ணாடியில் தெரியும். உண்மையைச் சொன்னால், நெருக்கடியான இடத்தில் நான் கழற்றிவிட்டுக் கையாலேயே தள்ளுகிறேன். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

9. ஏற்றம்

1868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 80 வீதம்தான். டர்போ இல்லாத எஞ்சினின் வலுவும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கே இறங்கும். ஆகவே தலவாக்கலையில் மூன்றாம் கியரில் ஏறியது, நுவரெலியாவை நெருங்கும்போது இரண்டாம் கியரைக் கேட்கும். எஞ்சின் முனகுவதற்குள் குறையுங்கள்.

ஏற்றத்தில் நிறுத்திப் புறப்படுவதுதான் கிளட்சின் எமன், பந்தய கிளட்ச் என்றால் இன்னும் மோசம், அது பாதி பிடித்து நிற்காது. முன்னால் பஸ் ஏறிக்கொண்டிருந்தால் இடைவெளி விட்டு மெதுவாக ஊருங்கள், முழுதாக நிற்காமல். நின்றே ஆக வேண்டுமென்றால் கைப்பிரேக். ட்ரெய்லரைக் கிளட்சால் தாங்கிப் பிடித்தபடி நிற்காதீர்கள்.

10. இறக்கம்

நுவரெலியாவிலிருந்து ஹக்கலை, கெப்பெட்டிபொலை, வெலிமடை வழியாகப் பண்டாரவளைக்குப் போகும்போது 600 மீற்றருக்கு மேல் கீழே வருகிறீர்கள். 1150 கிலோவை 600 மீற்றர் இறக்கினால் வெளிவரும் சக்தி, 20 லீற்றர் குளிர்ந்த தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். காற்றும் எஞ்சினும் அதில் பங்கு எடுத்துக்கொள்ளும். மிச்சமெல்லாம் நான்கு சின்னப் பிரேக்குகளின் தலையில். எஞ்சினின் பங்கைக் கூட்டுவதே ஓட்டுநரின் வேலை.

ஏறியிருந்தால் எந்தக் கியரில் ஏறியிருப்பீர்களோ அதே கியரில் இறங்குங்கள். கியரை இறக்கம் தொடங்குவதற்கு முன்பே போட வேண்டும். பாதி இறக்கத்தில் கிளட்சை மிதித்துத் தேடினால், அந்த இரண்டு விநாடியில் ட்ரெய்லர் தள்ளிவிடும்.

பிரேக்கை லேசாக மிதித்தபடியே வராதீர்கள். வேகம் கூடவிட்டு, ஒருமுறை உறுதியாக மிதித்துக் குறைத்து, முழுதாக விடுங்கள். விட்ட இடைவெளியில்தான் அது ஆறும். கெப்பெட்டிபொலையில் முன்சக்கரம் புகைய நின்றிருந்த ஒருவர், தான் மிகக் கவனமாக மெதுவாக வந்ததாகச் சொன்னார். மெதுவாகத்தான் வந்திருக்கிறார், கால் எடுக்காமல்.

பிரேக் புகைந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். தட்டு கோணும், வெடிக்கவும் கூடும். அகலமான இடத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து அரை மணி நேரம் காத்திருங்கள். கட்டை உங்களுடையதாக இருக்கட்டும். வீதியோரக் கல்லைப் பயன்படுத்தினால் போகும்போது அதை ஓரத்தில் போட்டுவிட்டுப் போங்கள். இரவில் மோட்டார் சைக்கிளில் வருபவருக்கு அது தெரியாது.

வளைவுக்குள் பிரேக் வேண்டாம். வளைவுக்கு முன்னால் நேராக இருக்கும்போது குறைத்துவிடுங்கள். கார் வளைந்து நிற்கையில் பிரேக்கிட்டால் ட்ரெய்லர் நேராகப் போகப் பார்க்கும். இலகுவான பின்பக்கத்தை வெளியே தள்ளிவிடும். ஈர வீதியில் இது மெதுவான வேகத்திலும் நடக்கும்.

வாலாட்டம் தொடங்கினால் காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், அவ்வளவே. எதிர்ப்பக்கம் திருப்பித் திருப்பி அடக்கப் பார்த்தால் ஆட்டம் வளரும். நிறுத்தியதும் முன்பாரத்தைப் பாருங்கள், காரணம் பெரும்பாலும் அங்கே இருக்கும். இந்தப் பாதையில் என் எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர். பின்னால் ஹார்ன் அடிப்பவருக்கு வழிவிட்டுவிடுவேன்.

11. வளைவும் கானும்

கொண்டை ஊசி வளைவில் ட்ரெய்லரின் சக்கரம் காரின் பின்சக்கரத்தைவிட ஏறத்தாழ ஓர் அடி உள்ளே வெட்டும். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் இடது வளைவுகள்தான் குறுகலானவை, அந்த உள்விளிம்பில்தான் மூடியில்லாத கான் ஓடுகிறது. கார் தப்பிவிடும், ட்ரெய்லர் கானில் விழும். விளிம்பிலிருந்து இரண்டடி தள்ளி நுழையுங்கள். எதிரே பஸ் வருகிறதென்றால் வளைவுக்கு முன்பே நின்று அதை விட்டுவிட்டுப் போங்கள். நடுவளைவில் மாட்டிக்கொண்டால் பின்னுக்கு எடுக்க முடியாது என்பதை மறக்கவேண்டாம்.

12. போய்ச் சேர்ந்ததும், திரும்பும்போதும்

முதல் 50 கிலோமீற்றரில் ஒருமுறையும், சேர்ந்ததும் ஒருமுறையும் ட்ரெய்லர் ஹப்பைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. ஒன்று மட்டும் கொதித்தால் பேரிங் இறுக்கம் அல்லது கிறீஸ் இல்லை. சக்கர நட்டையும் பந்தின் நட்டையும் மீண்டும் இறுக்குங்கள்.

கழற்றும்போது முட்டுக்கட்டை முதலில், பிறகு பிளக், பிறகு சங்கிலி, கடைசியாகக் கப்ளர். ஒருவர் தியத்தலாவையில் கப்ளரை முதலில் கழற்றி, சரிவில் ட்ரெய்லரைத் துரத்திக்கொண்டு ஓடினார். எல்லோரும் சிரித்தோம், அது ஓடிய வழியில் யாரும் நிற்காதிருந்ததால்தான் சிரிக்க முடிந்தது.

திரும்பும்போது ஒரு மாற்றம் உண்டு. முன்மூலையில் இருந்த பெற்றோல் தீர்ந்திருக்கும். 30 கிலோ அங்கிருந்து போய்விட்டது. காலையில் சரியாக இருந்த முன்பாரம் மாலையில் பின்பாரமாக மாறியிருக்கும், களைப்பில் யாரும் அளப்பதில்லை. கருவிப்பெட்டியை ஒரு சாண் முன்னால் நகர்த்தி, தராசை எடுத்து மீண்டும் ஒருமுறை தொங்கவிட்டுப் பாருங்கள். இருட்டிவிட்டால் கைவிளக்கை முள்ளின்மேல் பிடிக்க ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.